லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு இரண்டு பிறந்தநாள்

திருச்சி
ஆகஸ்ட் 1

அன்புள்ள பாப்பா,

பிறந்தநாள் என்று ஜூலை 4 முழுக்க அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசையைப் போட்ட கொலம்பியா பல்கலைக்கழக வானொலி ஆகஸ்ட் 4 அன்றும் போடுமாமே, எதுப்பா சரி என்று கேட்டாய். இரண்டுமே சரிதான்.

1900 ஜூலை 4-ல் பிறந்ததாகத்தான் அவர் சாகும்வரை நம்பினார். 1971-ல் அந்தத் தேதி கழிந்து இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தார். அப்புறம் 1980களில்தான் நியூ ஆர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயரைக் கண்டுபிடித்தார்கள். அதில் இருந்தது 1901 ஆகஸ்ட் 4.

உன் தாத்தா கதையும் இதுதானே. தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்ன வாத்தியார், விரல் எட்டியதும் ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார், அதை வைத்துத்தான் வேலை, ரிட்டயர்மென்ட், பென்ஷன் எல்லாம். பாட்டியம்மா மட்டும் "என் பிள்ளை ஐப்பசி சதயம், ராஜராஜ சோழன் பிறந்த நட்சத்திரம்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை பிறந்த நாளை யார் குறித்து வைத்தார்கள், சொல்லு.

அந்த வானொலி நியூயார்க்கில் நள்ளிரவுக்குத் தொடங்கும்போது நமக்குக் காலை ஒன்பதரை. ஜூலையில் நானும் இணையத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன், அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. நீ 1928-ல் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' மட்டுமாவது கேள். தொடக்கத்தில் கூட யாரும் இல்லாமல் டிரம்பெட் தனியாக வரும், கால் நிமிடம்கூட இருக்காது, முதல் நாலு சுரத்தை நின்று நிதானமாக வைத்துவிட்டு அப்புறம் படபடவென்று மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, சறுக்கி இறங்கி வரும்போது எனக்கு நாகஸ்வர ஆலாபனை கேட்ட மாதிரி உடம்பு சிலிர்த்துவிடும். துப்பாக்கியை வானத்தில் சுட்டதற்காகச் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்ட பையன், அங்கே இருந்த பேண்டில் ஊதக் கற்றவன், அவன் ஊதியது இது.

அவர் வீடு உன் ஜாக்சன் ஹைட்ஸிலிருந்து 7ஆம் நம்பர் ரயிலில் கொஞ்ச தூரம்தான், கொரோனா என்ற பகுதியில், இப்போது மியூசியம். 1943-ல் அவர் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போயிருந்தபோது மனைவி லூசில் வாங்கிப் போட்ட வீடு. விலாசத்தோடு டாக்ஸியில் வந்து இறங்கியவர், இது தன் வீடுதானா என்று நம்ப முடியாமல் டிரைவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னாராம். எவ்வளவு பெரிய மாளிகைக்கும் போயிருக்கலாம், ஆனால் கடைசிவரை அதே தெருவில்தான் இருந்தார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு வாசல் படியில் உட்கார்ந்து. எனக்கு அவரை இதற்காகவே பிடிக்கும்.

திறந்திருக்கும் நாள் பார்த்துப் போய்வா. சமையலறை முழுக்க நீலம் என்கிறார்கள், எந்த நீலம் என்று பார்த்துச் சொல். தாத்தாவுக்கு இந்த ஐப்பசி சதயத்தன்று பாயசம் வைக்கப் போகிறோம், அன்றைக்குக் கூப்பிடுகிறேன், போனை எடு.

அன்புடன்
அப்பா