டிம்மில்தாங்க இருந்துச்சு: கடலூர், புதுச்சேரி ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், அங்கே வேலை பார்க்கும் தம்பிகளுக்கும், ஒயரிங்காரர்களுக்கும், காருக்கு பல்பும் லைட்டும் விற்கிற கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

எனக்கு வீடு மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரியில் ஒரு மருந்துக்கடையில், ராத்திரி ஷிஃப்ட். வாரத்தில் ஆறு நாள் சாயங்காலம் ஏழரைக்கு ஆல்பேட்டையைத் தாண்டிப் போவேன், விடியக்காலை நாலரைக்கு அதே வழியில் திரும்பி வருவேன். ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று எங்கே பள்ளம், எந்த வளைவில் மாடு படுத்திருக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறேன் என்றும் சொல்லலாம். எதிரே வருகிற வெளிச்சம் அப்படி.

கார் ஹெட்லைட்டின் ஃபோகஸ், அதாவது வெளிச்சம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது பற்றிய இந்த மடலை முதலில் போக்குவரத்து அதிகாரிகளுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதத்தான் உறைத்தது, சொந்தக் கார் விஷயத்தில் அவர்கள் கைக்கு வேலை வருவதே அபூர்வம். லாரி, பஸ், டாக்ஸிக்கு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) உண்டு. புது வண்டி என்றால் முதல் எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். சொந்தக் காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஆன நாளிலிருந்து 15 வருஷத்துக்கு எஃப்.சி. கிடையாது. புகைச் சான்றிதழுக்காக சைலன்சருக்குள் குழாயை விடுகிறோம், ஆனால் முன்பக்க விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்தச் சாலையிலோ கொஞ்ச தூரம் தமிழ்நாடு, கொஞ்ச தூரம் புதுச்சேரி. இந்தப் பக்கத்து போலீஸ் நிறுத்தினால் அந்தப் பக்கம் போய்விடலாம் என்கிற கதை வேறு. அந்தப் 15 வருஷமும் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து பார்க்கிற கை உங்கள் கைதான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

குற்றம் சொல்வதற்கு முன்னால் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடி வந்து, என் காரின் பம்பரும் வலது ஹெட்லைட்டும் போயின. (கன்று எழுந்து ஓடிவிட்டது. அதன் சொந்தக்காரர்தான் அரை மணி நேரம் போகவில்லை.) வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். வேலையில் குறை சொல்ல முடியாது. பெயின்ட் அச்சு அசலாகச் சேர்ந்திருந்தது, லைட்டும் புதுசு. ஆனால் அன்றைக்கு ராத்திரியிலிருந்து எதிரே வருகிறவன் எல்லாம் என்னைப் பார்த்து லைட்டை அடித்து அடித்து, டிம் போடு என்று காட்ட ஆரம்பித்தான். நான் டிம்மில்தான், அதாவது வெளிச்சத்தைத் தணித்துத்தான் போகிறேன். இவனுங்களுக்கு என்ன கேடு என்று திட்டிக்கொண்டே, நாலு தடவை பதிலுக்கு பிரைட்டும் போட்டேன். இப்படியே மூன்று வாரம்.

ஒரு நாள் விடியக்காலை, முள்ளோடைக்கு இந்தப் பக்கம், எதிரே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருத்தர். துறைமுகத்தில் மீன் எடுத்துக்கொண்டு பாகூர்ப் பக்கம் விற்கப் போகிறவர். பின்னால் தெர்மாகோல் பெட்டி, அதன் மேல் அன்னக்கூடை. என் வெளிச்சம் பட்டதும் ஒரு கையால் முகத்தை மறைத்தார், வண்டி மண்ணில் இறங்கியது, கூடை சரிந்தது. நல்லவேளை, விழவில்லை. நான் ஓரம் கட்டிவிட்டு ஓடினேன். சங்கரா மீன் ரெண்டு மூன்று மண்ணில் கிடந்தது. அதைப் பொறுக்கித் தூசி தட்டிக்கொண்டே அவர் கேட்டார்:

"ஏம்பா, டிம்மு போடத் தெரியாதா?"

"டிம்மில்தாங்க இருந்துச்சு."

"இதுவா டிம்மு?" என்று என் காருக்கு முன்னால் ஒரு இருபதடி தள்ளிப் போய் நின்றார். "இங்க பாரு" என்று தன் சட்டையைக் காட்டினார். இடது லைட்டின் வெளிச்சம் அவருடைய முட்டிக்குப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. வலது லைட்டின் வெளிச்சம் தொடையைத் தாண்டிச் சட்டை வரை ஏறி நின்றது. ஒரே காரில் ஒரு கண் தரையைப் பார்க்கிறது, இன்னொரு கண் எதிராளியைப் பார்க்கிறது. மீனுக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "ஃபோகஸ் வச்சுட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நடந்தது இவ்வளவுதான். புது லைட்டைப் பிராக்கெட்டில் மாட்டிய தம்பி, பின்னால் வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிற திருகைத் தொடவே இல்லை. பல்பு எரிகிறதா? எரிகிறது. டிம் வருகிறதா, பிரைட் வருகிறதா? வருகிறது. வண்டியை வெளியே எடு. வெயில் அடிக்கிற மத்தியானத்தில் வேறு என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டமான தரையில் ஒரு மதில் சுவருக்கு எதிரே காரை நிறுத்தினேன். டேப் வைத்து 5 மீட்டர் அளந்தேன். காரின் லைட் நடு தரையிலிருந்து 65 செ.மீ. உயரம். சுவரிலும் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, வெட்டிவிட்ட மாதிரி தெரியுமே, அது அந்தக் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். அதாவது நூற்றுக்கு ஒன்று சரிவு. இடது லைட் கிட்டத்தட்ட அப்படித்தான் நின்றது. வலது லைட் கோட்டுக்கு 12 செ.மீ. மேலே.

பன்னிரண்டு செ.மீ., ஒரு சாண் கூட இல்லை. சுவரில் பார்க்கும்போது பெரிதாகவே தெரியாது. ஆனால் வெளிச்சம் சுவரோடு நிற்பதில்லையே. 5 மீட்டரில் 12 ஏறினால் 35 மீட்டரில் 84 ஏறும். லைட்டின் உயரம் 65-ஐக் கூட்டினால் 149. எக்ஸ்எல்லில் உட்கார்ந்திருக்கிற மனுஷனின் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். மூன்று வாரமாக நான் டிம் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொருத்தர் கண்ணிலும் குறி பார்த்து அடித்துக்கொண்டு போயிருக்கிறேன். 60 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். கண் கூசி மூன்று விநாடி ஒன்றும் தெரியவில்லை என்றால் 50 மீட்டர் தூரம் குருடன் ஓட்டின மாதிரி. வயதானவர்களுக்குக் கூச்சம் தெளிய இன்னும் நேரம் பிடிக்கும்.

சரி, தணித்துவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் நம் ஆட்கள் இன்னொரு தப்பு செய்கிறார்கள். "எதிர்ல கூசுது" என்று கஸ்டமர் சொன்னதும் திருகை நாலு சுற்று சுற்றி, வெளிச்சத்தை பம்பருக்கு அடியில் கொண்டுவந்து வைத்துவிடுவது. நூற்றுக்கு மூன்று சரிந்தால், 65 செ.மீ. உயரத்து லைட் 21, 22 மீட்டரிலேயே தரையில் முட்டிவிடும். நூற்றுக்கு ஒன்று என்றால் 65 மீட்டர் தூரம் பாயும். இருபது மீட்டர் வெளிச்சத்தில் யாரால் ஓட்ட முடியும்? அவன் என்ன செய்வான், பிரைட்டைப் போட்டுக்கொண்டு போவான். ராத்திரியில் பிரைட்டை அணைக்காமல் வருகிறவனை எல்லாம் திமிர் பிடித்தவன் என்று நானும் நினைத்திருந்தேன். பாதிப் பேருக்கு டிம் வேலைக்கு ஆகாததுதான் காரணமாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. சரியான அளவில் நிற்கிற டிம்மைக் கொடுத்துப் பாருங்கள், பாதி பிரைட் தானாகவே அணையும்.

நீங்கள் செய்கிற வேலையை உங்களுக்கே சொல்லித் தருவதாக நினைக்க வேண்டாம். என் கையால் செய்து பார்த்தபோது கற்றுக்கொண்ட சிலதை மட்டும் சொல்கிறேன். நாலு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும், டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சக்கரம் இருக்குமே, அது 0-வில் இருக்க வேண்டும். முதல் தடவை அதை 2-ல் வைத்துக்கொண்டே திருகி, ஒரு ராத்திரி முழுக்க ஏமாந்தேன். தரை மட்டமாக இருக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம். எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் ஓடச் சரிவு விட்டிருக்கிறார்கள். முதலில் அதில் அளந்தது தப்பு, மேலே சொன்ன கணக்கு வேறு இடத்தில் மறுபடி அளந்தது. ஒரு லைட்டைப் பார்க்கும்போது இன்னொன்றைத் துணியால் கொஞ்ச நேரம் மூடினால் தெளிவாகத் தெரியும். ஹாலஜன் பல்பு சூடாகும், மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். அப்புறம் அந்த நூற்றுக்கு ஒன்று என்பது பொதுக் கணக்கு. நிறைய வண்டிகளில் லைட்டின் மேலேயோ பானெட்டுக்கு அடியிலோ கம்பெனிக்காரனே அளவு போட்டிருப்பான், 1.0%, 1.2% என்று. அது இருந்தால் அதுதான் கணக்கு.

அந்தச் சக்கரத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று வண்டி வாங்கி ஆறு வருஷம் எனக்குத் தெரியாது. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் மூட்டை என்றால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து மூக்கு தூக்கிக்கொள்ளும். கூடவே லைட்டும் தூக்கிக்கொள்ளும். அதை இறக்கத்தான் 1, 2, 3. வண்டியை டெலிவரி கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இது எல்லாருக்கும் வேண்டியது என்றாலும், ஆவணி மாசம் வரும்போது எனக்கு அடிவயிறு கலங்கும். ஆகஸ்டு 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேற்றம். அதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலிருந்தே சென்னைப் பக்கத்திலிருந்து காவி உடுத்தி, சின்னத் தேரைத் தள்ளிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு நடக்கிற கூட்டம் இதே சாலையில் ராத்திரியெல்லாம் போகும். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் நடப்பார்கள். நடுவில் தடுப்பு இல்லாத இடத்தில் எதிரே ஒரு கார் கண்ணில் அடித்தால், எனக்கு இடது கைப் பக்கம் ஓரமாக நடக்கிற அந்த ஆத்தா தெரிய மாட்டாள்.

லைட் விற்கிற கடைக்காரர்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். எச்-4 பல்பில் (டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி இழை ஒரே பல்புக்குள் இருக்கிற வகை) டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி தகடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். கீழே போகிற வெளிச்சத்தை அது மறைப்பதால்தான் சுவரில் அந்த வெட்டுக் கோடு விழுகிறது. அந்த இழை எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணித்தான் ரிஃப்ளெக்டரைச் செய்கிறார்கள். அதே ரிஃப்ளெக்டரில் ஒரு எல்.இ.டி. பல்பைச் சொருகினால், வெளிச்சம் புறப்படுகிற இடம் கொஞ்சம் நகர்ந்தாலும் வெட்டுக் கோடு கலைந்து, பூரா வெளிச்சமும் சிதறும். அதற்கப்புறம் எந்தத் திருகைத் திருகினாலும் நிற்காது. 100/90 வாட் பல்பும் அப்படித்தான். 60/55-க்குப் போட்ட ஒயரும் ஹோல்டரும் அதைத் தாங்காமல் உருகுவதை நீங்களே எத்தனை தடவை மாற்றியிருப்பீர்கள். விற்காதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள், உங்களுக்கும் வாடகை இருக்கிறது. கஸ்டமர் "வெளிச்சம் பத்தலை" என்று வந்தால் முதலில் சுவரைக் காட்டுங்கள், மங்கிப்போன லைட் முகப்பைத் தேய்த்துக் கொடுங்கள், அந்த வேலைக்குக் காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றாவது கேட்கிறேன். இன்னொன்று, வலது பக்கம் ஓட்டுகிற நாட்டு லைட்டைத் தெரியாமல் மாட்டிவிடாதீர்கள். நமக்கு வெளிச்சம் இடது ஓரத்தில்தான் மேலே ஏற வேண்டும். அது வலது பக்கம் ஏறினால் நேராக எதிராளி கண்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கிறவர்களுக்கு: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, 106-ஆம் விதி. லைட்டிலிருந்து 8 மீட்டர் முன்னால், வலது பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசச் செய்யாதபடி வெளிச்சம் கீழே தணிந்திருக்க வேண்டும் என்கிறது. படிக்கும்போது எனக்கு அந்த மீன்காரர்தான் ஞாபகம் வந்தார். இருபதடி தள்ளி நின்று அவர் காட்டியது இதையேதான், டேப் இல்லாமல்.

பழைய காலத்தில் போலீஸ்காரர்கள் லைட்டின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஸ்டிக்கரால் விளக்கின் திசை மாறாது. அதைச் சமாதானம் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் கோரிக்கை இதுதான். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுவர், அதற்கு எதிரே 5 மீட்டர் மட்டமான தரை. தரையில் சக்கரம் நிற்க ஒரு கோடு, சுவரில் அளவுக் கோடுகள். கால் லிட்டர் பெயின்டில் முடிந்துவிடும். லைட் டெஸ்டர் மெஷின் வைத்திருக்கிறவர்கள், மேலே போட்டிருக்கிற கோணிப்பையை எடுத்துவிட்டால் போதும். பம்பர் கழற்றினாலோ, லைட் மாற்றினாலோ, பல்பு மாற்றினாலோ, சஸ்பென்ஷனில் கை வைத்தாலோ, அந்தி சாய்ந்ததும் ஒரு தடவை அந்தச் சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுங்கள். மற்ற வண்டிக்கு ஜெனரல் சர்வீஸில் ஒரு தடவை. பத்து நிமிஷ வேலை. பில்லில் "ஃபோகஸ்" என்று ஒரு வரி எழுதி நூறு ரூபாய் போடுங்கள், சந்தோஷமாகத் தருவேன். இலவசமாகச் செய்யச் சொன்னால் நாலு நாளில் விட்டுவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

ஆவணிக்கு முன்னால் கோடு போடுகிறவர் யாராக இருந்தாலும், முதல் வண்டியாக என் வண்டியை நிறுத்திக்கொள்ளுங்கள். சுவரில் நான் பார்த்துத் திருகியது சரிதானா என்று எனக்கே இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. சாக்பீஸும் டேப்பும் டேஷ்போர்டிலேயே கிடக்கின்றன, எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தினமும் ஆல்பேட்டை வழியாகப் போய் வருகிற ஒருவன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.