நெடுநல்வாடையும் 'இயற்கை வருணனை' என்ற கேள்வியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி அடைமழை பிடித்ததும் இலக்கியப் பக்கங்களில், நக்கீரர் பாடிய சங்கப் பாட்டான நெடுநல்வாடையின் தொடக்க வரிகள் தலைகாட்டும். கூடவே 'நக்கீரரின் இயற்கை வருணனை' என்ற பட்டமும் வந்துவிடும். வினாத்தாள்களிலும் இதே சொல்தான். அதை நம்பிப் பாட்டுக்குள் போகும் மாணவர் மழையின் அழகைத் தேடுகிறார். முசுண்டையும் பீர்க்கும் புதர்தோறும் பூத்திருக்கும் அழகு 13ஆம் அடியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் குளிர் எந்த உயிரை என்ன பாடு படுத்தியது என்ற கணக்குதான் இருக்கிறது.

முதல் 12 அடிகளில் பென்சிலால் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்க்கலாம். பனிப்ப, கலாவ, நலிய, நடுங்க, மறப்ப, கூர, வீழ, ஒழிய என எட்டுச் 'செய' வாய்பாட்டு எச்சங்கள், அதாவது முற்றுப்பெறாமல் அடுத்த வினையை எதிர்பார்த்து நிற்கும் வினைகள். வாக்கியத்தை முடித்துவைக்கும் வினைமுற்று ஒன்றுகூட இல்லை. வெள்ளத்தை வெறுத்த கோவலர் மாட்டை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போய், கொள்ளிக்கட்டையில் கை காய்ச்சியும் கன்னம் நடுங்க நிற்கிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்கு ஒடுங்குகிறது, பறவை விழுகிறது, கறவைப் பசு கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான் 'குன்று குளிர்ப்பன்ன கூதிர்ப் பானாள்' (மலையே குளிர்வது போன்ற, கூதிர் என்னும் குளிர்காலத்து நள்ளிரவு) என்று வாசகர் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. உரைநடையாக்கும்போது இதை எட்டுச் சின்ன வாக்கியங்களாக உடைத்துவிட்டால் அந்த விடாத நெருக்கடி போய்விடும். ('கொடுங்கோல் கோவலர்' என்பதற்குக் கொடுமைக்கார இடையர் என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. அது வளைந்த கோல்.)

ஊருக்குள்ளும் பாட்டு சொல்வது நின்றுபோன வேலைகளைத்தான். சந்தனம் அரைக்கும் வட்டக்கல் சும்மா கிடக்கிறது. சுருக்கித் தொங்கவிட்ட விசிறியில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. குறுகிய வாய்க் கன்னல் என்னும் நீர்க்கலத்தில் இருக்கும் தண்ணீரை யாரும் தொடுவதில்லை, எல்லோரும் தடவு என்னும் நெருப்புச் சட்டியைச் சுற்றித்தான். பொழுது தெரியாததால் பிச்சி அரும்பு விரியும் மணத்தை வைத்து மாலை வந்ததென்று அறிந்து பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். குளிரில் யாழ் நரம்பின் சுருதி திரிந்துவிட, ஆடல் மகளிர் அதை மார்பின் வெம்மையில் தடவிச் சரிசெய்கிறார்கள். தூறலைச் சட்டை செய்யாமல் தெருவில் திரிபவர்கள் கள் குடித்த முரட்டு ஆட்கள் மட்டுமே. நக்கீரருக்குக் குறும்பும் உண்டு!

188 அடிப் பாட்டின் கடைசியில் போருக்குப் போன வேந்தனின் பாசறை வருகிறது. அங்கே விளக்குச் சுடர்கள் தெற்கே சாய்ந்து எரிகின்றன. வடந்தை, அதாவது வடகாற்று, வீசினால் சுடர் தெற்கேதான் சாயும். திசையைக்கூடத் தவறவிடவில்லை. நள்ளிரவிலும் உறங்காமல் சிலரோடு திரியும் வேந்தனின் வெண்கொற்றக்குடையை உரைகள் ஆட்சியின் அடையாளம், குளிர்ந்த நிழல் என்றெல்லாம் விளக்குவது வழக்கம். இந்தப் பாட்டிலோ அது 'தவ்'வென்று அசைந்து தூறலைத் தடுக்கிறது. அரசனின் குடையை வெறும் மழைக்குடையாக்கிவிட்டது வாடை. இந்த ஓர் அடியைத் தவிர்த்துவிட்டு 'மன்னனின் கடமையுணர்ச்சி' என்று மட்டும் விடை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், பாட்டு கிடைக்காது.

ஒப்பிட நமக்குப் பாரதி இருக்கிறார். 1916 நவம்பரில் புதுச்சேரியைப் புயல் தாக்கிய சமயம் அவர் அங்கேதான் இருந்தார். மரங்கள் நாற்றைப் போலச் சிதறி விழுந்ததைப் பாடியவர், ஏழை ஒருவனின் சிறு தென்னந்தோப்பு தப்பியதற்கு 'வாயு பொறுத்துவிட்டான்' என்று காரணம் சொல்கிறார். பாரதியின் காற்றுக்கு மனமும் இரக்கமும் உண்டு. நக்கீரரின் வாடையோ யாரையும் பொறுப்பதுமில்லை, பகைப்பதுமில்லை. அரண்மனை, மாட்டுக்கூட்டம் என்ற பேதமில்லாமல் வீசுகிறது. எது வலிய கவிதை என்ற பட்டிமன்றம் இங்கே வேண்டாம். இரண்டுக்கும் 'இயற்கை வருணனை' என்ற ஒரே முத்திரையைக் குத்தினால் இந்த வேறுபாடு மாணவர் கண்ணில் படாது என்பதே எங்கள் கவலை.

வினாத்தாள் தயாரிப்போர், 'கூதிர்க்காலக் குளிரால் நின்றுபோன செயல்கள் ஐந்தினைப் பாட்டடிகளுடன் எழுதுக' என்று கேட்டுப் பார்க்கட்டும். உரைநூலை மனப்பாடம் செய்து இதற்கு விடை எழுத முடியாது. பாட்டைத் திறந்துதான் ஆகவேண்டும்.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள் சிலர்,
திருநெல்வேலி.