கட்டக் கிடைத்த பணமும் ஓட்டக் கிடைக்காத பணமும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் வரவுசெலவுக் கணக்கு வாசித்து முடித்த கையோடு, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து கேட்டார்கள்: "வருஷம் பூராவும் பஸ், ரயில், சைக்கிள் பாதை என்று பேசுகிறீர்கள். அதற்கெல்லாம் யார் பணம் போடுகிறார்கள், யார் திருப்பிக் கட்டுகிறார்கள் என்று ஒரு நாளாவது பேசியிருக்கிறீர்களா?" மேடையில் இருந்த எங்கள் யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வியையே இந்த ஆண்டுக்கான பாடமாக எடுத்துக்கொள்வது என்று அங்கேயே முடிவாயிற்று. வளரும் நாடுகளின் நகரங்களில், கரிமப் புகை குறைந்த போக்குவரத்துக்குப் பணம் எப்படி வருகிறது, வந்தபின் என்ன ஆகிறது என்பதைப் படிப்பது என்று திட்டமிட்டோம்.

பன்னிரண்டு கூட்டங்கள் நடத்துவதாக இருந்தோம். நடந்தவை பத்து. ஒன்று மழையால் நின்றது. இன்னொன்று, அறிவிப்பு அனுப்ப நான் மறந்ததால் நின்றது. அன்று வாசலில் வந்து காத்திருந்த மூவரிடமும் இங்கே மறுபடி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கூட்டத்தில் அடிப்படைக் கணக்குகளைப் பார்த்தோம். எரிபொருள் எரிப்பதால் உலகில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கு போக்குவரத்தினுடையது. அதிலும் முக்கால்வாசி சாலையில் ஓடும் வண்டிகளிலிருந்து வருகிறது. ஐ.நா. 2018-ல் வெளியிட்ட கணிப்பின்படி 2050-ல் உலக மக்களில் 68 சதவீதம் பேர் நகரங்களில் இருப்பார்கள். கூடப்போகும் நகர மக்களில் பத்தில் ஒன்பது பேர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான். ஒரு நகரம் காருக்காக விரிந்து பரவிவிட்டால் பிறகு அதைச் சுருக்க முடியாது. ஆகவே 2050 வரையிலான இந்த ஆண்டுகளில் எதற்குப் பணம் போகிறது என்பதுதான் விஷயம் என்ற இடத்தில் அன்றைய பேச்சு நின்றது.

இரண்டாவது கூட்டம் வாக்குறுதிகளைப் பற்றியது. 2012 ஜூனில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி உள்ளிட்ட எட்டு வங்கிகள் சேர்ந்து, பத்தாண்டுகளில் 17,500 கோடி டாலரை நிலைத்த போக்குவரத்துக்குத் தருவதாகச் சொன்னன. அதற்கு முன்பே 2009-ல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள், 2020-க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் பருவநிலை நிதி திரட்டுவதாகச் சொல்லியிருந்தன. அந்தத் தொகை 2022-ல்தான் எட்டப்பட்டது. 2024-ல் பாகு பருவநிலை மாநாட்டில் புதிய இலக்கு வந்தது: 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி. இந்தத் தொகைகளைப் பலகையில் எழுதியபோது நமது தணிக்கையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு?" அரசுகளும் வங்கிகளும் தந்ததில் பெரும்பகுதி கடன் என்று சொன்னோம். "கடன் கொடுத்ததை நன்கொடைப் பத்தியில் எழுதிக்கொண்டு வந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் அன்று பேச எதுவும் இருக்கவில்லை.

மூன்றாவது, நான்காவது கூட்டங்கள் பேருந்துக்கான தனித்தடங்கள் பற்றியவை. பிரேசிலின் குரிடிபா நகரம் 1974-ல் தொடங்கி வைத்தது இது. கட்டடக் கலைஞரான ஜைமே லெர்னர் அப்போது மேயர். கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 2000 டிசம்பரில் டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தடப் பேருந்து அமைப்பைத் திறந்தபோது அதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோயிற்று. பேருந்துக்குள் டிக்கெட் இல்லை, நிலையத்திலேயே வாங்கிவிட வேண்டும். நடைமேடையும் பேருந்தின் தளமும் ஒரே உயரம். ஒரு பேருந்து நிற்கும்போது இன்னொன்று முந்திப்போக நிலையத்தின் அருகே கூடுதல் தடம். இவ்வளவுதான் சூட்சுமம். நெரிசலான பகுதியில் ஒரு திசையில் மணிக்கு 45,000 பேர் வரை போகிறார்கள். பல மெட்ரோக்களே தொடாத எண்ணிக்கை இது, செலவோ மெட்ரோவில் ஒரு சிறு பங்கு. இதற்கான பணத்தில் ஒரு பகுதி உள்ளூர் பெட்ரோல் மீது போட்ட கூடுதல் வரியிலிருந்து வந்தது. கார் ஓட்டுகிறவரிடம் வாங்கிப் பேருந்தில் போகிறவருக்குப் பாதை போட்டார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்த ஆண்டு மிகவும் பிடித்துப்போன செய்தி இதுதான்.

டெல்லியில் 2008-ல் திறந்த பேருந்துத் தனித்தடம் 2016-ல் பெயர்த்து எடுக்கப்பட்டதையும் பேசினோம். பேருந்துத் தடம் சாலையின் நடுவில் இருந்தது, அந்தத் தடம் காலியாகக் கிடக்கிற நேரத்தில் பக்கத்துத் தடத்தில் கார்கள் முட்டி நின்றன, கூச்சல் கிளம்பியது. பேருந்தில் போனவர்களின் எண்ணிக்கையோ அந்தக் கூச்சலில் கேட்கவே இல்லை. அன்று விவாதம் சூடாகி, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் "மெட்ரோதான் தீர்வு, தரைக்கு அடியில் போனால் யாரும் பெயர்க்க முடியாது" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஐந்தாவது கூட்டத்தைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பொருள் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா இலகு ரயில். 2015-ல் திறந்தது. 47.5 கோடி டாலர் செலவு, அதில் 85 சதவீதம் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். நீர்மின்சாரத்தில் ஓடும் ரயில், மிகக் குறைந்த கட்டணம், தொடக்கத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. 41 வண்டித் தொடர்களில் சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதி பணிமனையில் நின்றுவிட்டன. காரணம் உதிரிபாகம். உதிரிபாகம் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும், நாட்டில் அது இல்லை. பயணி கொடுப்பது உள்நாட்டு நாணயமான பிர், கடன்காரனுக்குப் போக வேண்டியது டாலர். 2024 ஜூலையில் எத்தியோப்பிய அரசு நாணயத்தின் மதிப்பைச் சந்தையிடம் விட்டபோது, சில வாரங்களில் டாலருக்கு 57 ஆக இருந்த பிர் 100-ஐத் தாண்டியது. வண்டி ஒரு அங்குலமும் நகராமலே, கடன் உள்நாட்டு நாணயத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

இந்தப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் நமது புரொஜெக்டரின் விளக்கு அணைந்தது. நன்கொடையாக வந்த கருவி அது. அது வந்த அன்று பூமாலை போட்டு, ரிப்பன் வெட்டி, புகைப்படம் எடுத்தோம். மாற்று விளக்குக்கு என்று யாரும் தலைப்பு ஒதுக்கவில்லை. பொருளாளர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பராமரிப்பு என்ற தலைப்பே நம் கணக்கில் இல்லை" என்றார். இருட்டில் யாரோ சிரிக்கத் தொடங்க, அப்புறம் எல்லோரும் சிரித்துவிட்டோம். மீதிக் கூட்டம் செல்போன் வெளிச்சத்தில் நடந்தது.

அதற்குப் பிறகு வந்த எல்லாக் கூட்டங்களும் அதே புள்ளியைத்தான் சுற்றின. திறப்பு விழா வரைக்கும் பணம் கிடைத்துவிடுகிறது. பத்தாம் ஆண்டில் ஓட்டுநர் சம்பளம், பேட்டரி, பிரேக், தவணை இவையெல்லாம் எங்கிருந்து, எந்த நாணயத்தில் வரும் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

மின்பேருந்துகளைப் பற்றிய கூட்டத்தில் இதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. சீனாவின் ஷென்செனில் 2017-லேயே 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள் முழுவதும் மின்சாரத்துக்கு மாறின. ஆனால் அதற்குப் பின்னால் அரசு மானியம் ஆறாக ஓடியது, எல்லா நகராலும் முடியாது. முதல் விடை, வேறு வழியில் போன சிலி நாட்டின் சாந்தியாகோ. 2007-ல் ஒரே நாளில் பேருந்துத் தடங்களை எல்லாம் மாற்றி மக்களைத் தெருவில் தவிக்கவிட்ட அதே நகரம்தான். அங்கே பேருந்தை வாங்குகிறவர் வேறு, ஓட்டுகிறவர் வேறு. 2018-லிருந்து எனெல் எக்ஸ், எஞ்சி போன்ற மின்சார நிறுவனங்கள் பேருந்தை வாங்கி, சார்ஜிங் வசதியும் அமைத்து, ஓட்டும் நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டன. வாடகை, போக்குவரத்து அமைப்பின் பொது வசூலிலிருந்து நேராக அவர்களுக்குப் போய்விடும். ஓட்டுகிற நிறுவனம் திவாலானால்கூட பேருந்து அடுத்து வருகிறவரிடம் போகும், பணம் போட்டவர் தெருவுக்கு வரமாட்டார். மின்பேருந்து டீசல் பேருந்தைவிட வாங்கும்போது மிக விலை கூடியது, ஓட்டும்போது மலிவு. முன்னால் கொட்ட வேண்டிய அந்தப் பெரிய தொகையைத் தாங்கக் கூடியவரிடம் தாங்கச் சொன்னதுதான் இதில் புத்திசாலித்தனம்.

இரண்டாவது விடை இந்தியாவிலிருந்து. நகரங்களுக்கு 10,000 மின்பேருந்துகள் தரும் திட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. பேருந்தைத் தனியார் கொண்டுவந்து ஓட்டுவார், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசுப் போக்குவரத்துக் கழகம் தரும். பயணி ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்தத் தொகை உண்டு. வங்கிக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்: கழகம் மாதாமாதம் கொடுக்குமா? கழகங்களின் நிலைமை ஊரறிந்தது. அதனால் 2024 செப்டம்பரில் 3,435 கோடி ரூபாயில் ஒரு பாதுகாப்பு நிதி ஒதுக்கினார்கள். கழகம் தவறினால் அந்த நிதி கொடுத்துவிடும். பிறகு மாநிலத்தின் ரிசர்வ் வங்கிக் கணக்கிலிருந்து அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்ளலாம். நம்பிக்கை இல்லாத இடத்தில் வட்டி ஏறும், வட்டி ஏறினால் கிலோமீட்டர் கட்டணம் ஏறும். ஒரு பேட்டரியின் தொழில்நுட்பத்தைவிட இந்த ஏற்பாடு எத்தனை பேருந்துகளைச் சாலைக்குக் கொண்டுவரும் என்று அன்றுதான் பலருக்குப் புரிந்தது. எனக்கும்.

கார்பன் கிரெடிட், அதாவது புகையைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று பற்றிய கூட்டம் சீக்கிரமே முடிந்தது. டிரான்ஸ்மிலேனியோ 2006-லேயே அதில் பதிவானது, டெல்லி மெட்ரோவும் பின்னர் பதிவானது. 2012-க்குப் பிறகு அந்தக் கிரெடிட்டுகளின் விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. பெயருக்கு நல்லது, கணக்குக்கு உதவாது என்பது உறுப்பினர்களின் கருத்து.

நிலத்தின் மதிப்பிலிருந்து பணம் எடுப்பது பற்றி ஒரு மாலை. சாவோ பாலோ நகரம், கூடுதல் உயரம் கட்டும் உரிமையைச் சான்றிதழாக்கி ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தை அதே வட்டாரத்தின் பாலம், பாதை, குடியிருப்புகளுக்குச் செலவழிக்கிறது. ஹாங்காங் மெட்ரோ நிலையத்தின் மேலேயே கட்டடம் எழுப்பி அதில் வரும் பங்கால் ரயிலுக்குப் பணம் திரட்டுகிறது. அகமதாபாத் மாநகராட்சி 1998-ல் மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலே 100 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. இவையெல்லாம் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் நகரங்களுக்கு மட்டுமே வாய்க்கும் வழிகள். வளரும் நாடுகளில் பெரும்பாலான மாநகராட்சிகள் கடன் வாங்கும் தகுதி என்ற முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன.

எட்டாவது கூட்டத்தில், முன்பு ஷேர் வண்டி ஓட்டிய உறுப்பினர் ஒருவர் பேசினார். இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் அதுதான் என்பது என் எண்ணம். மேசைமேல் நாணயங்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார். முதல் அடுக்கு வண்டி முதலாளிக்கு, இரண்டாவது டீசலுக்கு, மூன்றாவது வழியில் கைநீட்டுகிறவர்களுக்கு. "சாயங்காலம் நாலு மணி வரை இதற்குத்தான் ஓடுவோம். எங்கள் வீட்டுக்கு அப்புறம் ஓடுவதுதான். பின்னே ஏன் முந்தமாட்டோம், ஏன் நடுரோட்டில் நிறுத்தமாட்டோம்?" என்றார். ஜகார்த்தாவில் இப்படிப்பட்ட சிற்றுந்துகளை நகரப் பேருந்து அமைப்பான டிரான்ஸ்ஜகார்த்தாவோடு இணைத்து, ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள் என்று சொன்னதும், "அது போதும், தன்னால் நிதானம் வந்துவிடும்" என்றார். ஜோகன்னஸ்பர்க்கில் 2009-ல் வந்த ரியா வாயா என்ற தனித்தடப் பேருந்து அமைப்பில், பாதையை இழந்த மினிபஸ் உரிமையாளர்களையே பேருந்து நிறுவனத்தின் பங்குதாரர்களாக ஆக்கினார்கள். பிலிப்பைன்ஸில் ஜீப்னி என்ற ஷேர் வண்டிகளுக்காக 2017-ல் தொடங்கிய நவீனமாக்கத்தில் புதிய வண்டியின் கடன் சுமை ஓட்டுநர் தலையிலேயே விழுந்தது, வேலைநிறுத்தங்கள் நடந்தன. காற்றைச் சுத்தம் செய்யும் செலவை அதைச் சுவாசிக்கிறவர்களில் ஏழையான ஆளிடம் கேட்டால் வேறு என்ன நடக்கும்?

நடைபாதைக்கு அரைக் கூட்டம்தான் ஒதுக்கினோம், அது என் தவறு. பல ஆப்பிரிக்க நகரங்களில் மக்கள் அதிகம் போவது கால்நடையாகத்தான். ஆனால் நடைபாதை ஒரு பெரிய வங்கிக்குச் சின்னத் தொகை. கடன் ஆவணம் தயாரிக்கும் செலவே அதிகமாகிவிடும். அடுத்த ஆண்டு முழுக் கூட்டம் தரவேண்டும்.

ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். ஒரு போக்குவரத்து நிறுவனத்திடம் கிலோமீட்டருக்கான வரவும் செலவும் கேட்டுச் சங்கத்தின் சார்பில் மூன்று கடிதங்கள் எழுதினோம். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. உறைக்குள் திறப்பு விழா மலர் இருந்தது, பளபளப்பான காகிதத்தில்.

நிர்வாக விஷயங்கள்: நூலகத்தில் புத்தகங்களை அடுக்கும் வேலை பாதியில் நிற்கிறது. இளைஞர் பிரிவு தொடங்குவது தள்ளிப்போயிற்று. வரவுசெலவை எனக்கு அடுத்து பொருளாளர் வாசிப்பார். அதில் 'பராமரிப்பு' என்று ஒரு புதிய தலைப்பைப் பார்ப்பீர்கள். தொகை சிறியதுதான், புரொஜெக்டர் விளக்குக்குச் சரியாக இருக்கும். முதல் கேள்வியைக் கேட்ட அம்மாவைச் செயற்குழுவில் சேர்க்க ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டார்கள், ஆனால் செயலாளர் பொறுப்பு மட்டும் வேண்டாம் என்கிறார்கள்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்