அம்மிணிக்கு, ஷாங்காய் சாப்பாடு பற்றி

திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். வியாழக்கிழமை ராத்திரி நீ பேசிவிட்டு வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "ஆபீஸ் பக்கத்து மால்ல பாஸ்தா வாங்கினேன்ப்பா, சர்க்கரைப் பாகு ஊத்தின மாதிரி இருந்துச்சு. பாதிய வெச்சுட்டு ரூமுக்கு வந்து பிஸ்கட் தின்னுட்டுப் படுத்துட்டேன்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் அந்த பிஸ்கட்டை எனக்குத் தெரியும் கண்ணு. 2007இல் அதே ஊரில், ஒன்பதாவது மாடியில் ஓர் அறையில், நானும் அதைத்தான் தின்றுவிட்டுப் படுத்தேன். நீயும் அம்மாவும் போனில் "சாப்டாச்சா?" என்று கேட்பீர்கள். "ஆச்சு" என்பேன். முதல் வருஷம் சொன்ன "ஆச்சு"வில் பாதி பொய்.

நீ அதைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் லைன் போய்விடும். மெயிலில் அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

பீரோ மேலே கிடந்த பழைய டைரிகளை நேற்று இறக்கினேன். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் பையிங் ஆபீஸுக்காக அங்கே இருந்த அஞ்சு வருஷமும் துணி விலை, சாம்பிள் தேதி, ஷிப்மென்ட் கணக்கு எல்லாம் எழுதிய டைரிகள். கடைசிப் பக்கங்களில் மட்டும் சாப்பாட்டுக் கடைகள். தெரு, பக்கத்து மெட்ரோ, என்ன சாப்பிட்டேன், எத்தனை யுவான் ஆச்சு என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். அந்தப் பட்டியலை அப்படியே உனக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இப்போது இல்லை. பண்ட் ஆற்றங்கரையில் 'எம் ஆன் தி பண்ட்' என்று ஒன்று. மிஷேல் கார்னோ என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி 1999இல் தொடங்கியது. அந்தக் கரையில் நல்ல உணவகம் நடத்த முடியும் என்று ஊருக்குக் காட்டியதே அவர்தான். எங்களிடம் துணி வாங்கும் ஐரோப்பியர் ஒருத்தர் என்னை அங்கே கூட்டிப்போனார். மாடியில் நின்று ஆற்றைப் பார்த்தபோது உங்கள் ரெண்டு பேரையும்தான் நினைத்தேன். அது 2022இல் மூடிவிட்டது. பால் பேரே நடத்திய 'அல்ட்ரா வயலட்', ஒரு ராத்திரிக்குப் பத்தே பேர், ஒரே மேசை, உணவகங்களுக்கு மதிப்புப் போடும் மிஷலின் கையேட்டில் மூன்று நட்சத்திரம் வாங்கியது. அதுவும் 2025இல் மூடிவிட்டது. அந்த ஊரில் மேல்நாட்டுக் கடைகளின் ஆயுசு அவ்வளவுதான். வாடகை ஏறும், சமையல்காரர் ஊருக்குக் கிளம்புவார், கட்டடத்தை வேறு ஆள் எடுப்பார். யார் சொன்னாலும் சரி, எந்தக் கட்டுரையில் படித்தாலும் சரி, கிளம்புவதற்கு முன்னால் கடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பு.

அதனால் கடைப் பெயரை விட, கடையைக் கண்டுபிடிக்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் ரொட்டி. ஜெர்மனியில் ரெண்டு வருஷம் படித்தவள், உனக்கு நான் ரொட்டி பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஷாங்காயில் ரொட்டி என்பது பெரும்பாலும் பஞ்சு மாதிரி, இனிப்பாக இருக்கும். அங்கத்து ஆட்களுக்கு அது பலகாரம். அதில் குற்றம் ஒன்றுமில்லை, அது அவர்கள் ருசி. ஆனால் மேல்நாட்டுச் சாப்பாடு என்று போர்டு வைத்த கடையில், மேசைக்கு முதலில் வரும் ரொட்டி இனிப்பாக இருந்தால், பின்னால் வரும் பாஸ்தாவும் சாலட் சாறும் இனிப்பாகத்தான் இருக்கும். ரொட்டியின் மேல்தோல் கடித்தால் நொறுங்க வேண்டும், உள்ளே கொஞ்சம் புளிப்பு இருக்க வேண்டும். அப்படி வந்தால் தைரியமாக உட்கார்.

அப்புறம் மெனு. பீட்சா, பர்கர், சுஷி, தாய்லாந்து கறி நாலும் ஒரே அட்டையில் இருந்தால் எழுந்து வந்துவிடு. ஒரு பக்கத்தில் முடிகிற மெனுதான் நல்லது. சாயங்காலத்துக்குப் பதில் மத்தியானம் போ. வேலை நாட்களில் பெரிய கடைகள்கூட மத்தியான செட் போடும், அதே அடுப்பு, அதே கை, விலை மட்டும் பாதிக்குப் பாதி. ஒரு நட்சத்திர ஹோட்டலில் முதல் மாதச் சம்பளத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, ஆறிப்போன பாஸ்தாவுக்குக் கொடுத்த காசை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. மேலே பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. டிப்ஸ் வைக்கும் பழக்கம் அங்கே கிடையாது, அதை ஞாபகம் வை.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிச் சாப்பிட்டவர்களே எழுதுகிற தியான்பிங் ஆப் உன் போனில் இருக்கும். 2003இல் ஷாங்காயிலேயே பிறந்தது அது. நான் இருந்தபோது கம்ப்யூட்டரில் பார்ப்போம், ஆபீஸ் பெண்கள் படித்துச் சொல்வார்கள். இப்போது போனே மொழிபெயர்த்துக் கொடுக்கிறதாமே. அதில் நட்சத்திரத்தை முதலில் பார்க்காதே. தலைக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும், அதைப் பார். சாப்பிட்டவர்கள் எடுத்த படங்களைப் பார், கடைக்காரன் போட்ட படத்தை விடு. கடைசியாகக் குறை சொன்னவர்களைப் படி. "உப்பு ஜாஸ்தி, நூடுல்ஸ் வேகவே இல்லை" என்று மூன்று பேர் திட்டியிருந்தால் அந்தக் கடைக்கு அவசியம் போ, இத்தாலிக்காரன் வேக வைக்கிற பதம் அதுதான். "படம் எடுக்க அழகான இடம்" என்று முப்பது பேர் புகழ்ந்திருந்தால் அங்கே க்யூவில் நிற்கத்தான் வேண்டியிருக்கும்.

இனி இடம். நீ இருக்கிற ஜாங்ஜியாங் பக்கம் ஆபீஸும் மாலும்தான். ரெண்டாம் நம்பர் மெட்ரோவில் ஏறி நான்ஜிங் கிழக்குச் சாலையில் இறங்கு, பத்தாம் நம்பருக்கு மாறு, தென் ஷான்ஷி சாலை அல்லது ஷாங்காய் லைப்ரரியில் இறங்கு. 1849லிருந்து 1943 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த பகுதி அது. தெரு இரண்டு பக்கமும் பிளேன் மரங்கள் கை கோத்து நிற்கும். ஆன்ஃபூ சாலை, வூயுவான் சாலை, ஃபூமின் சாலை, வூகாங் சாலை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ரெண்டு மாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் நாலு மேசை, ஆறு மேசை போட்ட கடைகள். கையில் மேப் இல்லாமல் ஒரு சனிக்கிழமை முழுக்க நட. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போ. உள்ளே தனியாக உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிற ஆள் ஒருத்தராவது இருக்கிறாரா என்று பார். தனி ஆளை நல்ல மேசையில் உட்கார வைக்கிற கடை, உன்னையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. இதைத்தான் நான் ரொம்ப ஆசையாகச் சொல்ல நினைத்தேன். மேல்நாட்டுச் சாப்பாடு என்றால் போன வருஷம் வந்த இத்தாலிக்காரர் கடை மட்டும் என்று நினைத்துவிடாதே. ஷாங்காய்க்கே சொந்தமான மேல்நாட்டுச் சாப்பாடு ஒன்று நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு ஊரை விட்டு ஓடிவந்த ரஷ்யர்கள் இன்றைய ஹுவாய்ஹாய் சாலையில்தான் பேக்கரியும் சாப்பாட்டுக் கடையும் போட்டார்கள். அவர்கள் வைத்த பீட்ரூட் சூப்புக்கு ஷாங்காயில் பீட்ரூட் சரியாகக் கிடைக்கவில்லை. தக்காளியும் முட்டைக்கோசும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டார்கள். அதுதான் 'லுவோசோங் தாங்'. லுவோசோங் என்பது 'ரஷ்யன்' என்ற சொல் ஷாங்காய் வாயில் மாறியது. அதில் மாட்டுக்கறி போடுவார்கள். உனக்கு அது வேண்டுமா வேண்டாமா என்பது உன் இஷ்டம், அப்பா கேட்க மாட்டேன். வேண்டாமென்றால் "பூ யாவ் நியூ ரோ" என்று முதலிலேயே சொல்லிவிடு.

ஹுவாய்ஹாய் சாலையில் 'ஹோங் ஃபாங்ஸி', அதாவது சிவப்பு வீடு, என்று ஒரு கடை. 1935இல் ஓர் இத்தாலியரும் அவருடைய பிரெஞ்சு மனைவியும் தொடங்கியது, 1956இல்தான் இந்தப் பெயர் வந்தது. பிரெஞ்சு நத்தை கிடைக்காமல் போன காலத்தில் மட்டி என்கிற சிப்பியைப் பூண்டு வெண்ணெயில் சுட்டுக் கொடுத்தார்கள், அது இன்றைக்கும் அந்தக் கடையின் பேர் சொல்கிறது. நான்ஜிங் மேற்குச் சாலையில் 'தெதா' என்று இன்னொன்று, 1897இல் ஜெர்மன்காரர் தொடங்கியது. உனக்கு ஜெர்மனி ஞாபகம் வந்தால் அங்கே போய் உட்கார்.

சிவப்பு வீட்டுக்கு நான் முதல் முறை போனது ஒரு மழைநாள். பக்கத்து மேசையில் எண்பது வயது இருக்கும், ஒரு கிழவரும் கிழவியும். பெரியவர் கோட் போட்டிருந்தார். ஒரே ஒரு பொரித்த பன்றிக்கறித் துண்டு வாங்கி ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கறியைக் கத்தியின் முதுகால் அடித்து உள்ளங்கை அகலத்துக்குப் பரப்பி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது அது. கிழவி கத்தியையும் முள்கரண்டியையும் பிடித்த விதத்தில் ஒரு கவனம் இருந்தது, கோலம் போடுகிற கை மாதிரி. எனக்கும் அதே தட்டு வந்தது. நான் அப்படியே வெட்டப் போனேன். அந்த அம்மா கையை நீட்டித் தடுத்தார். தன் மேசையில் இருந்த சாறை எடுத்து என் கறியின் மேல் அவரே ஊற்றினார். "லா ஜியாங் யோ" என்றார். காரச் சோயா என்று பெயர், ஆனால் அதில் சோயா கிடையாது. ஆங்கிலேயர் கொண்டுவந்த வொர்செஸ்டர் சாஸின் வழியில் வந்தது. புளிப்பு, கொஞ்சம் காரம். நம்ம புளிக்குழம்பின் அடியில் நிற்கிற ருசியில் ஒரு சொட்டு அதில் இருந்தது என்று டைரியில் எழுதியிருக்கிறேன். ஊர் விட்டு வந்து எட்டு மாதத்தில் ஒருத்தர் எனக்குப் பரிமாறியது அன்றைக்குத்தான்.

எங்கள் ஆபீஸில் துணியின் தரம் பார்த்த பெண்ணின் அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். கஷ்ட காலத்தில் ரொட்டித்தூளுக்குப் பதில் சோடா பிஸ்கட்டை பாட்டிலால் உருட்டிப் பொடித்த கதையைச் சொன்னார். உருளைக்கிழங்கு சாலட்டுக்கு மயோனைஸ் கடையில் கிடைக்காது, மஞ்சள் கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும், கை மாறினால் திரிந்துவிடும் என்று செய்து காட்டினார். எனக்காக மாட்டுக்கறி இல்லாமல் லுவோசோங் சூப் வைத்திருந்தார். ரெண்டு கிண்ணம் குடித்தேன். இன்றைக்கும் நம் வீட்டில் நான் தக்காளி முட்டைக்கோஸ் சூப் வைத்தால், அது அந்த அம்மாவுடையதுதான். உனக்கு எட்டு வயதில் ரொம்பப் பிடிக்கும்.

ஒரு கடையை உன்னுடையது ஆக்கிக்கொள் அம்மிணி. எனக்கு அப்படி ஒன்று இருந்தது, வூயுவான் சாலைப் பக்கத்துச் சந்தில், இத்தாலிக்காரர் ஒருத்தர் நடத்தியது. ஷாவோஷிங் துணிச் சந்தைக்குப் போய்விட்டு வருகிற புதன்கிழமை ராத்திரி, நேராக அங்கேதான் போவேன். பரிமாறிய பெண் ஆன்ஹுய் மாகாணத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். அவளுக்கும் எனக்கும் பொதுவாகத் தெரிந்தது இருபது சொல் இருக்கும். மூன்றாவது வாரம் நான் உட்கார்ந்ததும், கேட்காமலே, பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கி ஒரு சின்னத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து "சாப்டாச்சா?" என்று நீங்கள் கேட்டபோது நான் சொன்ன "ஆச்சு" நிஜம். அந்தக் கடை இப்போது இல்லை என்று பழைய ஆபீஸ் நண்பர் சொன்னார். உனக்கு வேறு ஒன்று இருக்கும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், முடிந்தால் ஒரே மேசை. மூன்று வாரம் போனால் போதும்.

தினமும் வெளியே சாப்பிடச் சொல்லவில்லை. ரைஸ் குக்கர் இருக்கிறது, அம்மா கொடுத்த பருப்புப்பொடி இருக்கிறது. ஆனால் டெலிவரிப் பையைப் பிரித்து, கட்டிலில் உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற ராத்திரிகள் வாரத்தில் ரெண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்.

வருகிற சனிக்கிழமை லீவுதானே? மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் சிவப்பு வீட்டுக்குப் போ. மட்டியும் பொரித்த கறியும் சொல். அந்தச் சாறு இன்னும் மேசைக்கு வருகிறதா என்று பார்த்து ஒரு போட்டோ அனுப்பு. ராத்திரி அம்மாவும் நானும் முழித்திருப்போம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அடுத்த மாதம் கம்பெனி வேலையாக நம்ம ஊர் ஆள் ஒருத்தர் ஷாங்காய் வருகிறார். அம்மா அவரிடம் பருப்புப்பொடியும் மோர்மிளகாயும் கொடுத்துவிடுகிறாள். வேறு என்ன வேண்டும் என்று எழுது.