உடன்நிகழ் நிரல்களுக்குக் கணித அடிப்படை தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே நேரத்தில் ஓடும், அதாவது உடன்நிகழும், பல செயல்முறைகளை நிரலாக எழுத நம் கோவை, ஈரோடு வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் கற்றுத் தருகிறோம். அந்த நிரல் எப்படியெல்லாம் நடந்துகொள்ளக்கூடும் என்பதைக் கணித முறையில் நிறுவுவதற்கு, என் ஆசிரியப் பணிக்காலத்தில் நான் கண்டவரை, பாடத்தில் இடமே இல்லை.

ஓட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது இங்கே போதாது. பத்துப் பத்துப் படிகள் கொண்ட இரண்டே செயல்முறைகள் தமக்குள் 1,84,756 விதமாகப் பின்னிக்கொள்ள முடியும். பிழை அவற்றுள் ஏதோ ஒன்றில் ஒளிந்திருக்கலாம். கணினி அறிவியலாளர்களான பெட்ரி 1962இல் தம் ஆய்வேட்டிலும், ஹோர் 1978இலும், மில்னர் 1980இலும் உடன்நிகழ் செயல்களைக் கணித முறையில் ஆராய வழிவகுத்தார்கள்.

இதில் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சாயப்பட்டறை இயந்திரம் ஒன்று, சாவியைத் திருப்பிய பின் ‘சாயம்’, ‘அலசல்’ ஆகிய இரு பொத்தான்களில் எதை அழுத்தினாலும் ஏற்கிறது. மற்றொன்று, சாவியைத் திருப்பும்போதே இரண்டில் ஒன்றைத் தானாகத் தேர்ந்துகொண்டு மற்றதை மறுத்துவிடுகிறது. நடக்கக்கூடிய செயல் வரிசைகளை மட்டும் எழுதினால் இரண்டுக்கும் ஒரே பட்டியல்தான் வரும். ஆனால் இரண்டாவதன் முன் தொழிலாளி பொத்தானை அழுத்தியபடி நிற்க நேரலாம். இந்த வேறுபாட்டைப் பிடிக்கும் இருவழி ஒப்புமைக் கருத்தை, அதாவது ஒன்றின் ஒவ்வோர் அடிக்கும் மற்றது ஈடுகொடுக்கிறதா என்று ஒவ்வொரு நிலையிலும் இரு பக்கமும் பார்க்கும் முறையை, 1981இல் பார்க் தந்தார். 1984இல் புரூக்ஸ், ஹோர், ராஸ்கோ மூவரும், ஒரு செயல்முறை எதைச் செய்தது என்பதோடு எதை மறுக்கக்கூடும் என்பதையும் பொருளில் சேர்த்தார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. வலையமைப்பில் இருவர் ஒருவரையொருவர் இன்னார் என்று உறுதிசெய்துகொள்ள, 1978இல் நீதமும் ஷ்ரோடரும் வெளியிட்ட பொதுத்திறவி (எல்லாரும் அறியக்கூடிய மறையீட்டுத் திறவி) அடையாள நெறிமுறையில் இருந்த ஓட்டையை 1995இல்தான் கேவின் லோ சுட்டிக்காட்டினார். மறு ஆண்டே, ஹோரின் முறையில் அந்த நெறிமுறையை எழுதிக் கணினிக் கருவியிடம் கொடுத்து, அத்தாக்குதல் தானாக வெளிப்படுவதையும் காட்டினார்.

மாணவர்களுக்குக் கடினம் என்று சிலர் தயங்குகிறார்கள். ஓர் இயந்திரம் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைக் காட்டும் நிலைமாற்றப் படங்களை நம் மாணவர்கள் தானியங்கிக் கோட்பாட்டில் ஏற்கெனவே படிக்கிறார்கள், அங்கிருந்து ஓரடிதான். ஸ்பின் போன்ற சரிபார்ப்புக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னைக் கணிதவியல் கழகத்தில் இத்துறையில் ஆய்வு செய்வோரை அழைத்து, நம் பகுதி ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி அளிக்கக் கல்லூரி நிர்வாகங்கள் முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி அறிவியல் ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.