காசு கட்ட முதல் இதை வாசி சுபா

அன்பின் சுபா,

உன்ர மெசேஜைப் பாத்த உடன போன் எடுப்பம் எண்டுதான் யோசிச்சன், ஆனா இது வொய்ஸ் மெசேஜில அரைகுறையா சொல்லி விடுற விசயமில்லை, அதான் சனிக்கிழமை வரும்வரைக்கும் பொறுத்திருந்து இப்ப ஆறுதலா இருந்து எழுதுறன். முதல்ல ஒண்டு சொல்லுறன், கொரியாவுக்கு இங்கிலீஷ் படிப்பிக்க அனுப்புறன் எண்டு உனக்குச் சொன்ன அந்தக் கொழும்பு ஏஜென்டுக்கு ஒரு சதமும் கட்டிப்போடாத. அட்வான்ஸ் எண்டு கேட்டாலும் சரி ஃபைல் போடுற காசு எண்டு கேட்டாலும் சரி. அம்மான்ர காப்பை அடகு வைக்கிற யோசனை இருக்கு எண்டு எழுதியிருக்கிறாய், அதை வாசிச்சோண்ண எனக்கு நெஞ்சு திக்கெண்டது.

ஏன் எண்டு விளக்கமா சொல்லுறன். கொரியாவில இங்கிலீஷ் படிப்பிக்கிற வெளிநாட்டு ஆக்களுக்குக் குடுக்கிறது ஈ-2 விசா. அதை ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத்தான் குடுப்பினம், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்தியாக்காரருக்கு 2010இல நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தில ஒரு சின்ன வழி விட்டிருக்கினம், இங்கிலீஷ் ஆசிரியர் சான்றிதழும் டிகிரியும் இருந்தா அரசாங்கப் பள்ளிக்கூடத்தில உதவி ஆசிரியரா வரலாம் எண்டு. இலங்கைக்கு அதுவும் இல்லை. அந்த மனுசன் உனக்கு இந்தியாக்காரரின்ர கதையைத்தான் காட்டினானோ தெரியாது, "சவுத் ஏசியன் கோட்டா" எண்டு சொன்னான் எண்டு நீ எழுதினதைப் பாத்தா எனக்கு அப்பிடித்தான் படுது. அப்பிடி ஒரு கோட்டா ஈ-2வில இல்லையடி.

அவன் சொன்ன மற்றக் கதை, முதல்ல விசிட் விசாவில போய் இறங்கு, பேந்து அங்க வச்சு மாத்தலாம் எண்டது, அதுதான் எனக்கு இன்னும் பயம். விசிட்டில வந்து படிப்பிச்சா அது கள்ள வேலை. பிடிபட்டா பிடிக்கிறது உன்னைத்தான், அவனை இல்லை. ஃபைன் கட்டி, திருப்பி அனுப்பி, பிறகு வேற நாட்டுக்கு விசா போடேக்கயும் அது உன்ர பேரில நிக்கும். இஞ்ச கொரியாவில ஈ-2வில வந்து படிப்பிக்கிற நானே பின்னேரத்தில ஒரு வீட்டுக்குப் போய் பிரைவேட் ரியூசன் குடுக்கேலாது, விசாவில எழுதியிருக்கிற இடத்தை விட வேற இடத்தில படிப்பிக்கிறதெண்டா இமிகிரேசனில அனுமதி எடுக்க வேணும். அவ்வளவு இறுக்கம்.

எனக்கு இதை உனக்கு எழுதக் கை வரேல்ல சுபா. பள்ளிக்கூடத்தில எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்தது நீ. இங்கிலீஷ் டேக்கு நாடகம் எழுதினது நீ, நான் பின்னால மரமா நிண்டனான். கம்பஸில இங்கிலீஷ் செய்து, ட்ரெயினிங்கும் முடிச்சு, இத்தனை வருசமாப் படிப்பிக்கிறாய். என்ர டிகிரி பிஸ்னஸ். வந்து இறங்கேக்க எனக்குப் படிப்பிச்ச அனுபவமும் இல்லை, ட்ரெயினிங்கும் இல்லை. இவையின்ர சட்டத்துக்கு அது ஒண்டும் பிரச்சினையில்லை, ஏதோ ஒரு டிகிரி, ஒரு கனேடியப் பாஸ்போர்ட், குற்றம் இல்லை எண்டு ஒரு பேப்பர், அவ்வளவுதான் கேட்டவை. இது அநியாயம், நான் மழுப்பேல்ல. ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள்ள போகேக்க எனக்கு உன்ர ஞாபகம் வரும்.

நான் வந்த கதையையும் நீ கேட்டனி. கனடாவில நிரந்தரமா இருக்கிறதுக்குத் தாற பீ.ஆர். கார்ட் மட்டும் காணாது, சிட்டிசன்சிப் இருக்கோணும். அரசாங்கம் நடத்துற ஈபிக் எண்ட புரோகிராம் இருக்கு, 1995இல தொடங்கினது, பகலில அரசாங்கப் பள்ளிக்கூடத்தில கொரிய ரீச்சரோட சேந்து படிப்பிக்கிறது, லீவும் நல்லது. எனக்கு அது சரிவரேல்ல, ஏனெண்டா ஏழாம் வகுப்பில இருந்து அந்த ஏழு நாட்டில ஒண்டிலயே படிச்சிருக்கோணும் எண்டு கேக்கினம், நான் கிரேட் 10க்குத்தானே கனடாவில ஸ்கார்பரோவுக்கு வந்தனான். அதால ஹாக்வோன்தான். ஹாக்வோன் எண்டா வேற ஒண்டுமில்லை, எங்கட ரியூட்டரிதான், கட்டடம் மட்டும் பெரிசு.

பேப்பர் வேலைதான் அலைச்சல். ஆர்சிஎம்பி எண்ட கனடாப் பொலிசில கைரேகை குடுத்து ரிப்போர்ட் எடுத்து, அதை ஒட்டாவாவுக்கு அனுப்பி, டிகிரியை நோட்டறி செய்து மாகாண அலுவலகத்தில குடுத்து, ரெண்டுக்கும் அப்போஸ்டில் முத்திரை, பேப்பர் உண்மையானது எண்டு மற்ற நாட்டுக்குக் காட்டுறது. 2024 ஜனவரிக்கு முதல் கனடாவில அப்போஸ்டிலே இல்லை, கொரியக் கொன்சலேட்டுக்கும் ஏறி இறங்கோணும், நான் அதுக்குப் பிறகு வந்ததால தப்பினன். ரெக்ரூட்டர் எண்டு இருக்கிற ஆக்கள் என்னட்டக் காசு கேக்கவே இல்லை, இதை நீ நல்லா ஞாபகம் வச்சுக்கொள், ஆளைப் பிடிச்சுக் குடுக்கிறதுக்கு ஹாக்வோன்தான் அவைக்குக் காசு குடுக்கும். படிப்பிக்க வாற ஆளிட்டக் காசு கேக்கிறவன் எந்த நாட்டுக்காரன் எண்டாலும் சந்தேகப்படு.

ஆனா ஒரு விசயம், ரெஸ்யூமேயோட ஃபோட்டோ கேப்பினம். ஃபோட்டோ அனுப்பினாப் பிறகு சத்தமில்லாமப் போன இடங்கள் கன. ஒரு ரெக்ரூட்டர் பெட்டை நேரவே சொன்னா, தாய்தகப்பன்மார் "வெள்ளைக்கார ரீச்சர்" எதிர்பாக்கினம் எண்டு, சொல்லேக்க அவவுக்கே குரல் இறங்கிப்போச்சு. எனக்கு அண்டைக்கு முழுக்க ஒண்டும் ஓடேல்ல. பேந்து டேகு எண்ட கொரிய நகரத்தில இருந்து இந்த இடத்து அம்மா வீடியோவில இன்டர்வியூ எடுத்தா, என்ர முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேக்கேல்ல, ஏழு வயசுப் பிள்ளை அழுதா என்ன செய்வாய் எண்டுதான் கேட்டா. அந்தக் கேள்வியோடயே இஞ்ச வாறது எண்டு முடிவெடுத்திட்டன்.

இப்ப இருக்கிறது டேகுவில சுசொங்-கு எண்ட பகுதி. தலைநகர் சியோலில டேச்சி-டொங் எண்டு ஹாக்வோனுக்குப் பேர் போன இடம் ஒண்டு இருக்கு, டேகுவுக்கு இந்தப் பகுதி. ஒரு கட்டடத்தில கீழ ஃபார்மசி, மேல கணக்கு, அதுக்கு மேல இங்கிலீஷ், அதுக்கு மேல பியானோ. எனக்கு வேலை மத்தியானம் 1 மணிக்குத் தொடங்கி இரவு 9 வரைக்கும், சின்னனுகள் முதல், இருட்டினாப் பிறகு மிடில் ஸ்கூல் பிள்ளையள். இரவு 10 மணிக்கு மேல ஹாக்வோன் நடத்தேலாது எண்டு இஞ்ச சட்டம் இருக்கு, அந்தச் சட்டம் தேவைப்பட்டிருக்கு எண்டதிலயே உனக்கு நிலைமை விளங்கும். பத்து மணிக்கு ரோட்டைப் பாத்தியெண்டா மஞ்சள் பஸ்ஸும் கார்களும் நல்லூர்த் தேர் முடிஞ்சு சனம் கலையிற மாதிரி இருக்கும்.

பிள்ளையள் நல்ல பிள்ளையள் சுபா. ஒரு பெடியன், பத்து வயசு, என்ர வகுப்புக்கு வாறதுக்கு முதல் கணக்கு முடிச்சு, டேக்வொண்டோ முடிச்சு வருவான். இடைவெளி கொஞ்ச நேரம்தான், கடையில வாங்கின முக்கோணக் கிம்பாப்பை ஒரு கையில வச்சுக் கடிச்சுக்கொண்டு மற்றக் கையால என்ர ஹோம்வேர்க்கை எழுதுவான், சோறு கொப்பியில விழும், அதைப் பொறுக்கி வாயில போட்டுட்டு திரும்ப எழுதுவான். முதல்ல நான் கொப்பியை வாங்கி வைச்சன், சாப்பிடு முதல்ல எண்டு. அவன் பயந்து போனான், முடிக்காட்டி அம்மாக்கு மெசேஜ் போகும் எண்டு. அதுக்குப் பிறகு அந்த வகுப்புக்கு முதல் அஞ்சு நிமிசத்தை சாப்பாட்டுக்கு எண்டு விட்டிருக்கிறன், டைரக்டர் அம்மாட்டக் கேட்டுத்தான், அவ ஓம் எண்டா. அந்த அஞ்சு நிமிசத்தில அதுகள் இங்கிலீஷில கதைக்கிற கதை புத்தகத்தில வாற எதையும் விட நல்லா இருக்கு.

எஃப் சத்தம் அவையின்ர மொழியில இல்லை, "பிஷ்" எண்டுதான் வரும். உதட்டில பல்லை வச்சு ஊதச் சொல்லி, வாய்க்கு முன்னால ஒரு சின்னக் கடதாசித் துண்டைப் பிடிக்கச் சொல்லுவன், கடதாசி பொத்தெண்டு துள்ளினா அது பி, மெல்லமா ஆடிக்கொண்டே நிண்டா எஃப். இது நீ அஞ்சாம் வகுப்புப் பிள்ளையளுக்குச் செய்யிறனான் எண்டு சொன்னது. இஞ்ச வேலை செய்யுது.

இவ்வளவு ஓட்டமும் எதுக்கு எண்டா நவம்பரில வாற சுனுங் சோதினை, எங்கட ஏ.எல். மாதிரித்தான், ஒரே நாள். அண்டைக்கு அலுவலகங்கள் பிந்தித் திறக்கும், இங்கிலீஷ் லிசனிங் நடக்கேக்க நாடு முழுக்க பிளேன் ஏறவும் விடாயினம் இறங்கவும் விடாயினம். இங்கிலீஷ் பேப்பர் 45 கேள்வி, 70 நிமிசம், அதில 17 லிசனிங். பேசுறதுக்கு ஒரு மார்க்கும் இல்லை. அதால பெரிய வகுப்புக்கு வந்தாப் பிறகு பிள்ளையள் என்னட்ட வாறதையே நிப்பாட்டிப் போடுவினம், கிராமரும் சொல்லும் கொரிய ரீச்சர்மாரிட்ட. சின்ன வயசில கதைக்கப் பழக்கிறம், கதைக்க வரேக்க வாயை மூடிப் பேப்பர் செய்யச் சொல்லுறம். எனக்கு இது சரியாப் படேல்ல.

காசு மாசம் 24 லட்சம் வொன், ஒரு அறை வீடும் அவை தந்தது. ஒரு வருசம் முடிச்சா ஒரு மாசச் சம்பளம் "துவேஜிக்கும்" எண்டு, வேலையை விட்டு விலகேக்க குடுக்கிற காசா, சட்டப்படி தரோணும். இந்த ஒரு மாசத்தைக் குடுக்க மனமில்லாம பதினோராம் மாசத்தில ஆளை நிப்பாட்டுற இடங்களும் இருக்கு, எனக்குத் தெரிஞ்ச தென்னாப்பிரிக்காப் பெட்டை ஒருத்திக்கு அப்பிடித்தான் நடந்தது, அவ லேபர் ஒஃபிசுக்குப் போனவ. சில இடத்தில உன்னை வேலையாள் எண்டு பதியாம கொன்ட்ராக்டர் எண்டு போட்டு 3.3 வீத வரி மட்டும் வெட்டுவினம், கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா பென்சனும் இல்லை, மெடிக்கல் இன்சூரன்சில அவையின்ர பங்கும் இல்லை. நடுவில இடம் மாறுறதெண்டா பழைய இடத்து ரிலீஸ் லெட்டர் வேணும். நல்ல முதலாளி கிடைச்சாத்தான் இந்த வேலை நல்ல வேலை. எனக்குக் கிடைச்சது, அதுக்குக் கடவுளுக்கு நன்றி.

ஞாயிறுகளில சொங்சோப் பக்கம் போறனான், அங்க ஃபக்டரிகள் கன, மசாலாக் கடையும் இருக்கு. எங்கட பெடியள் நிறைய, சிங்களப் பெடியளும் தமிழ்ப் பெடியளும். அவையள் ஈ-9 விசா, கொரிய மொழிச் சோதினை பாஸ் பண்ணி ரெண்டு அரசாங்கமும் நேர செய்யிற திட்டத்தில வந்தவை. கிளிநொச்சிப் பெடியன் ஒருத்தன், இரும்பு வேலை, கையெல்லாம் சூட்டுத் தழும்பு, என்னைக் கண்டா "அக்கா ரீச்சர்" எண்டுதான் கூப்பிடுவான். அவன்ர கொரியப் பேச்சு என்ரயை விட எத்தினையோ மடங்கு திறம். அவனிட்ட உன்ர ஏஜென்டின்ர கதையைச் சொன்னன், அவனுக்கு வந்த கோவத்தைப் பாக்கோணும், அவன்ர ஊரிலயும் ரெண்டு குடும்பம் இப்பிடிக் காசு குடுத்து ஏமாந்து நிக்குதாம்.

சரி, உனக்கு என்ன வழி எண்டு நான் சும்மா இருக்கேல்ல, யோசிச்சன். ஒண்டு, கொரிய அரசாங்கத்தின்ர ஜி.கே.எஸ். ஸ்கொலசிப். மாஸ்டர்சுக்கு முதல் ஒரு வருசம் மொழி படிப்பிச்சு, பிறகு ரெண்டு வருசம் படிப்பு, டிக்கெட், ஃபீஸ், மாசக் காசு எல்லாம் அவை. 40 வயசுக்குள்ள இருக்கோணும், உனக்கு இன்னும் காலம் இருக்கு. கம்பஸ் மார்க்சும் பாப்பினம், உன்ர மார்க்ஸ் எனக்குத் தெரியுந்தானே. கொழும்பில இருக்கிற கொரிய எம்பசியாலயும் போடலாம், மாசி பங்குனி அளவில அறிவிப்பு வரும். இங்கிலீஷ் படிப்பிக்கிறதையே மாஸ்டர்சா செய்யிற யுனிவர்சிட்டியள் இஞ்ச இருக்கு. படிச்சு முடிச்சு, வேலை எடுத்து, எஃப் எண்ட, நீண்டகாலம் தங்குற வகை விசாவுக்கு மாறின ஆக்களுக்கு அந்த ஏழு நாட்டுக் கணக்குப் பாக்க மாட்டினம். நீண்ட பாதைதான், ஆனா நேர்வழி, அடகு வைக்கத் தேவையில்லை.

மற்றது, உடன செய்யக்கூடியது, ஒன்லைனில கொரியாக்காரருக்குப் படிப்பிக்கிறது. பிலிப்பீன்ஸ் பெட்டையள்தான் அதில கனபேர், அங்க பாகியோவிலயும் செபுவிலயும் கொரியாக்காரர் போய் இங்கிலீஷ் படிக்கிற இடங்களும் நடக்குது. சம்பளம் குறைவு, அதை மறைக்கேல்ல. ஆனா உங்களுக்கும் எங்களுக்கும் மூண்டரை மணித்தியால வித்தியாசம்தானே, இஞ்ச இரவு 7 மணிக்கு அங்க பின்னேரம் மூண்டரை, நீ பள்ளிக்கூடத்தால வந்து குளிச்சிட்டு இருக்கலாம். என்ர ஹாக்வோன் டைரக்டரின்ர தங்கச்சிக்கு வேலையிடத்தில இங்கிலீஷ் கதைக்கப் பழகோணுமாம், நான் உன்ர பேரைச் சொல்லிட்டன், கேக்காமச் சொன்னதுக்குக் கோவிக்காத. கிழமைக்கு ரெண்டு தரம், அரை மணித்தியாலம். விருப்பமெண்டா உன்ர குரலில ரெண்டு நிமிசம் உன்னை அறிமுகப்படுத்தி ரெக்கோட் பண்ணி அனுப்பு, ஞாயிறுக்குள்ள வந்தா நல்லது, அவ திங்கள் முடிவு சொல்லுவா.

அம்மான்ர சுகர் இப்ப எப்பிடி? சின்னவன் அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் சோதினை எழுதினவனோ? ஜி.கே.எஸ்.சுக்கு, கம்பஸில உனக்குப் படிப்பிச்ச லெக்சரர்மார் ரெண்டு பேரிட்ட ரெக்கமெண்டேசன் கடிதத்துக்கு இப்பவே சொல்லி வை, கடைசி நேரத்தில கேட்டா அவை தர மாட்டினம். ஃபோர்மை ரெண்டு பேருமா இருந்து நிரப்புவம்.

அன்புடன்,
வாணி