மழை விட்ட பிறகும் டிவியில் படம் வரவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மாடியில் டிஷ் வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் ஒரே புகார்தான்: சிக்னல் இல்லை. உடனே செட்டாப் பாக்ஸ் மேல் சந்தேகம் விழுகிறது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கி மாட்டுகிறார்கள். அதிலும் படம் வருவதில்லை. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கேபிள் முனையும் துருப்பிடித்த போல்ட்டும்தான் பெரும்பாலும் காரணம். பணம் செலவழிக்கும் முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக்கூடியவற்றை எழுதுகிறேன்.

திரையில் தெரியும் அறிவிப்பு யாருடையது என்று முதலில் பாருங்கள். வெறும் ‘நோ சிக்னல்’ என்ற சொல் மட்டும் திரையில் மிதந்தால், அதைச் சொல்வது டிவி. பாக்ஸிலிருந்து அதற்கு எதுவும் வந்து சேரவில்லை என்று பொருள். பாக்ஸ் அணைந்திருக்கும், எச்.டி.எம்.ஐ. வயர் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் ரிமோட்டில் யாரோ ‘சோர்ஸ்’ பட்டனை அழுத்தியிருப்பார்கள். இதற்கு மாடி ஏற வேண்டியதே இல்லை. சேனல் எண்ணோ பிழை எண்ணோ சேர்ந்து வந்தால் அது பாக்ஸ் சொல்வது. அப்போதுதான் டிஷ் பக்கம் போக வேண்டும்.

போகும் முன் பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறங்கள். ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டைகள் இருக்கும். இரண்டும் பூஜ்யம் என்றால் கேபிள் அறுந்திருக்கிறது, கனெக்டர் கெட்டிருக்கிறது அல்லது டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடித்துக் கேபிளில் அனுப்பும் எல்.என்.பி. என்ற கருவி செத்துவிட்டது. ஸ்ட்ரெங்த் நன்றாக இருந்து குவாலிட்டி மட்டும் பூஜ்யம் என்றால் கேபிளும் எல்.என்.பி.யும் உயிரோடு இருக்கின்றன. டிஷ் திசை தப்பிவிட்டது, இல்லையேல் எதிரே ஏதோ மறைக்கிறது. ஸ்ட்ரெங்த் பட்டையை மட்டும் பார்த்து ‘சிக்னல் ஃபுல்’ என்று ஏமாறுபவர்கள் நிறைய. வெறும் வானத்தைப் பார்த்தாலும் எல்.என்.பி. தன் இரைச்சலைப் பெருக்கி அனுப்பும். அந்தப் பட்டை பாதிக்கு மேல்கூட நிற்கும். நம்ப வேண்டியது குவாலிட்டியை. இந்த எண் பாக்ஸுக்குப் பாக்ஸ் மாறும். ஆகவே வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் உங்கள் வீட்டு எண்ணைப் பார்த்து பாக்ஸின் அடியில் எழுதி ஒட்டி வையுங்கள்.

கனமழையில் படம் போவது கோளாறு அல்ல. டி.டி.எச். ஒளிபரப்பு வரும் கே.யு. (Ku) பேண்ட் அலையின் நீளம் சுமார் இரண்டரை செ.மீ.தான், பெரிய மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். மழை தணிந்ததும் தானே திரும்பும். சிறு தூறலுக்கே படம் உடைந்தால் டிஷ் ஏற்கெனவே சற்று விலகியிருக்கிறது. மழை விட்டு அரை மணி நேரமாகியும் வரவில்லை என்றால் கனெக்டரில் தண்ணீர் புகுந்திருக்கலாம்.

கனெக்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கழற்றும் முன் பாக்ஸின் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். சேனலுக்கு ஏற்ப எல்.என்.பி.க்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் இதே கேபிளில்தான் ஏறுகிறது. ஷார்ட் ஆனால் பாக்ஸ் உண்மையாகவே போய்விடக்கூடும். கழற்றிப் பார்க்கையில் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வலைக்கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் துடைத்து மாட்டிப் பயனில்லை. நல்ல கம்பி தெரியும்வரை கேபிளை வெட்டிப் புது எஃப் கனெக்டர் போடுங்கள். நடுக்கம்பி கனெக்டரின் வாயைத் தாண்டி 1 முதல் 2 மி.மீ. நீள வேண்டும். வலைக்கம்பியின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. எல்.என்.பி.க்கு அருகே கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் அதன் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. பாதியில் அறுந்த கேபிளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரே மழையில் அது கெடும்.

கேபிள் வாங்கும்போது ஒரு காந்தம் கொண்டு போங்கள். நடுக்கம்பி காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சுதான். குறைந்த தூரத்துக்கு அது போதும். நீண்ட தூரத்தில் வோல்ட் குறையும். கனெக்டரும் துருவேறினால் 18 வோல்ட் போய்ச் சேர வேண்டிய இடத்தில் 15க்கும் கீழே இறங்கிவிடும். அப்போது 18 வோல்ட் கேட்கும் சேனல்கள் மட்டும் மறையும், மற்றவை பளிச்சென்று தெரியும். சில சேனல்கள் மட்டும் கூட்டமாகக் காணாமல் போனால் சந்தா பாக்கியா என்று பாருங்கள், இல்லையென்றால் இதுதான்.

இனி திசை. 60 செ.மீ. டிஷ்ஷின் ஒரு விளிம்பு மறு விளிம்பைவிட 1 செ.மீ. நகர்ந்தாலே கிட்டத்தட்ட 1 டிகிரி விலகிவிடும். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது. சென்னையிலிருந்து அது தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில். கன்னியாகுமரியில் இன்னும் கிழக்கே திரும்ப வேண்டும். டாடா பிளே செயற்கைக்கோள் 83 டிகிரியில் இருப்பதால் சென்னையில் அந்த டிஷ் ஏறக்குறைய தெற்கையே பார்க்கும். பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்து நம்முடையதைத் திருப்பினால் உள்ளதும் போய்விடும்.

டிஷ்ஷைத் தாங்கும் குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த பிறகே டிஷ்ஷைத் தொடுங்கள். போல்ட்டைத் தளர்த்தும் முன் மார்க்கரால் கோடு போடுங்கள். பக்கவாட்டையும் உயரத்தையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள். மயிரிழையாக அசைத்து மூன்று விநாடி நிறுத்துங்கள், பாக்ஸ் பிடிக்க அவ்வளவு நேரம் ஆகும். எல்.என்.பி.யையும் அதன் பிடியில் சற்றுச் சுழற்றிக் குவாலிட்டி ஏறுகிறதா பாருங்கள். நம் பகுதியில் எல்.என்.பி.யைச் சுழற்ற வேண்டிய இந்தச் சாய்வு கணிசமானது, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். போல்ட்டை முறுக்கும்போதும் டிஷ் நகரும் என்பதால் பட்டையைப் பார்த்தபடியே முறுக்குங்கள். மரம் மறைக்கிறது என்று சொல்பவர்கள் ஒரு கணக்கு போடலாம்: 68 டிகிரி உயரத்துக்கு, 2 மீட்டர் தள்ளி நிற்கும் மரம் டிஷ்ஷைவிட 5 மீட்டர் உயர்ந்தால்தான் மறைக்கும். சுவரை ஒட்டி வளரும் முருங்கைதான் பெரும்பாலும் குற்றவாளி.

ஈர மாடியில், கைப்பிடிச் சுவரில் ஏறி, மின்கம்பி அருகில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. இடி இடித்தால் பாக்ஸின் பிளக்கை மட்டுமல்ல, டிஷ் கேபிளையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

மார்ச் நடுவிலும், செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலும் பளீர் வெயிலில் சில நாட்கள் ஒரே நேரத்தில் சில நிமிடம் படம் போகும். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வருவதே காரணம். ஃப்ரீ டிஷ்ஷுக்கு இது முற்பகல் 11 மணியை ஒட்டி நிகழும். எதையும் திருகாமல் காத்திருந்தால் போதும். இந்த நாட்களைத் தங்கள் நாளிதழ் முன்கூட்டியே வெளியிட்டால் பலர் டிஷ்ஷைத் தேவையின்றித் திருப்பாமல் இருப்பார்கள். டி.டி.எச். நிறுவனங்கள் சிக்னல் பக்கத்தைத் தமிழில் தர வேண்டும். பொருத்துகிற அன்றே குவாலிட்டி எண்ணை பாக்ஸில் எழுதி ஒட்டச் சொல்லித் தங்கள் ஊழியர்களுக்கு உத்தரவிடவும் வேண்டும்.

இப்படிக்கு,
டிஷ் பொருத்துநர் ஒருவர்,
விழுப்புரம்